தார்ப்பாய்க்கு அடியில் செம்பி

போன சித்திரையில் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வீடு மாறினோம். எங்கள் பூனை செம்பியை ஒரு கூடையில் வைத்து மூடிக் கட்டி, சாமான்களோடு லோடு வண்டியில் ஏற்றினோம். மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள்.

புது வீட்டை அடைந்தபோது ராகு காலம் முடியவில்லை. எல்லோரும் எதிர்வீட்டு நிழலில் ஒதுங்கினோம். வண்டி வெயிலில் நின்றது.

“அக்கா, பூன கத்துது. இறக்கிரவா?” என்று டிரைவர் என்னைக் கேட்டார்.

“பொறுப்பா. நமக்கு முன்னால பூனையா குடிபோறது?” என்றார் என் மாமியார்.

நிழலிலாவது இறக்கி வைக்கலாமே என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. “தூங்கிருச்சு” என்றார் மாமியார்.

நேரம் வந்ததும் உள்ளே போய்ப் பால் காய்ச்சினோம். பிறகுதான் தார்ப்பாயை விலக்கினார்கள். செம்பி வாயைத் திறந்தபடி கிடந்தது. உடம்பு சுட்டது. தண்ணீர் தெளித்தும் அசையவில்லை.

சமீபத்தில் மறுபடி வீடு மாறினோம். இப்போது வளர்க்கும் பூனையைக் கூடையோடு மடியில் வைத்து ஆட்டோவில் வந்தேன்.

“இன்னும் நேரம் வரலத்தா” என்றார் மாமியார்.

“நீங்க நேரம் பாத்தே வாங்கத்தே” என்று சொல்லிவிட்டு, கூடையோடு உள்ளே போய் மின்விசிறியைப் போட்டேன்.