கண்டக்டரின் குரல் வாக்கு

மூன்று முறை சட்டமன்றத்துக்குப் போய்வந்த பிறகும் ஊரில் அவருக்குப் பெயர் கண்டக்டர்தான். மேடையில் மாண்புமிகு என்பார்கள், மேடையை விட்டு இறங்கினதும் “கண்டக்டர் வந்தாச்சா?” என்று கேட்பார்கள். அவருக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை. மாண்புமிகு என்று யாராவது கூப்பிட்டால் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவார்.

கண்டக்டர் வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதை எதிர்க்கட்சிக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். படிக்கட்டு வரை பிதுங்கி வழியும் பேருந்திலும் அவர் குரல் உயராது. ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விடுவார். அடுத்த நிறுத்தத்துக்குள் ஒன்று அவர்களே சமாதானமாகிவிடுவார்கள், இல்லையென்றால் அவர்களில் ஒருவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். பிரச்சினை என்பது கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் இருந்தால் தானாக இறங்கிப்போகும் பயணி என்பது அவருடைய திடமான எண்ணம். அதை வைத்துக்கொண்டே ஒருவர் இத்தனை தூரம் வரலாம் என்பதற்கு அவரே சாட்சி.

அவர் அரசியலுக்கு வந்த கதையும் அப்படித்தான். ஊரில் கட்சி இரண்டாகக் கிடந்தது. சந்தை வியாபாரிகள் ஒரு பக்கம், கட்டட ஒப்பந்தக்காரர்கள் மறுபக்கம். இவர்கள் சொன்ன பெயரை அவர்கள் வெட்டினார்கள், அவர்கள் சொன்ன பெயரை இவர்கள் வெட்டினார்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது யாரோ, பேருந்துத் தொழிற்சங்கத்தின் செயலாளராக இருந்த கண்டக்டரின் பெயரைச் சொன்னார்கள். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல இரண்டு பக்கத்துக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நிறைவாகச் சொல்லவும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் அதை அப்போது யாரும் தேடவில்லை.

அவரை நிறுத்தியது கட்சி என்றால், ஜெயிக்க வைத்தது அக்கா. அக்கா ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தவளும் அவள்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், தினமும் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பெற்றுத் தருகிறேன், இதற்கு மேல் எனக்கு எங்கே நேரம் என்று சிரிப்பாள். தேர்தல் வந்ததும் லீவு போட்டுவிட்டுத் தெருத்தெருவாக நடந்தாள். கொள்கை, திட்டம் எதுவும் பேசவில்லை. கதவைத் தட்டி, வெளியே ஓடிவரும் பிள்ளையைப் பார்த்து, “இவன்தானே தலை திரும்பி வந்து நம்மளப் பாடாப் படுத்தினவன்?” என்று கேட்பாள். அந்த வீட்டு ஓட்டு அப்போதே விழுந்துவிடும். மூன்று தேர்தலிலும் இதேதான் நடந்தது. மூன்றிலும் கட்சித் தலைமை அதைத் தன்னுடைய அலை என்று சொல்லிக்கொண்டது.

சட்டமன்றத்தில் அவருடைய முறை வேறாக இருந்தது. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

முதல் கூட்டத் தொடரிலேயே பேருந்துக் கட்டண உயர்வு வந்தது. குரல் வாக்கெடுப்பு. சபாநாயகர், ஏற்போர் ‘ஆம்’ என்க என்றார். ஆளும் கட்சி வரிசைகள் முழுக்க ‘ஆம்’ என்று அதிர்ந்தன. பின்வரிசையில் இருந்த கண்டக்டருக்கு அந்தச் சொல் தொண்டையில் நின்றுவிட்டது. எத்தனை வருஷம் டிக்கெட் கிழித்த கை. அவர் வாயை நன்றாகத் திறந்து மூடினார், சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு அவர் கத்தியதாகவே தோன்றியது. ஊருக்கு வந்ததும் பேருந்து நிலையத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, நீங்களுமா இதுக்கு ஒத்துக்கிட்டீங்க என்று கேட்டபோது, நான் ஆமென்று சொல்லவே இல்லை என்றார். அது சத்தியமான உண்மை. தலைநகரத்தில் அவர் கட்சிக்கு விசுவாசமான உறுப்பினர், ஊரில் மக்களுக்கு விசுவாசமான உறுப்பினர். ஒரே வாயால் இரண்டையும் சாதிக்க முடிந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. தண்ணீர் வரி, சந்தை இடமாற்றம், ஆற்றுமணல் என்று சங்கடமான எது வந்தாலும் வாய் மட்டும் திறந்து மூடியது. மற்றபடி அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. நிழற்குடை கேட்டார், பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கேட்டார், இரண்டையும் வாங்கியும் தந்தார். பின்வரிசையிலிருந்து நடுவரிசைக்கு நகர்ந்தார். நூலகக் குழுவுக்குத் தலைவராகவும் போட்டார்கள். குழு எப்போதாவது கூடும், கூடினால் காபி நன்றாக இருக்கும்.

மூன்றாவது முறை உறுப்பினராக இருந்தபோதுதான் அந்த மசோதா வந்தது. சின்ன ஊர்களில் இருக்கும் பிரசவ வார்டுகளை மூடி, மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைப்பது என்பதுதான் விஷயம். செலவு மிச்சம், தரம் உயரும் என்றார் அமைச்சர். கண்டக்டரின் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தடத்தில் ஓடியவர் என்பதால் எந்த வளைவில் எது நடக்கும் என்று அவருக்கு அத்துப்படி. ஓடும் வண்டியில் ஒரு குழந்தை பிறந்தபோது சேலையை விரித்துப் பிடித்து நின்றவர் அவர்.

அக்கா அந்த வாரம் வீட்டுக்கு வந்தாள். கண்டக்டரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதைத் தொடவில்லை.

“உன்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல,” என்றாள்.

“இல்லக்கா.”

“இப்ப ஒண்ணு கேக்குறேன். இந்த மசோதாவுக்கு இல்லைன்னு சொல்லு. வார்டு எப்படியும் போயிடும்னு எனக்குத் தெரியும்டா. உங்க ஆளுங்க எண்ணிக்கைக்கு நீ ஒருத்தன் என்ன பண்ண முடியும்? ஆனா நம்ம ஊருக்காரன் ஒருத்தன் எந்திரிச்சு வேணாம்னு சொன்னான்னு இருக்கணும். அவ்வளவுதான்.”

“சரிக்கா,” என்றார் அவர். சொல்லும்போது மனதார நினைத்துத்தான் சொன்னார்.

தலைநகரத்துக்குப் போனால் கொறடா கூப்பிட்டு அனுப்பியிருந்தார். உறுப்பினர்களைச் சிந்தாமல் சிதறாமல் ஓட்டுப்போட வைப்பது கொறடாவின் வேலை. அவர் மிரட்டவில்லை, தோளில் கைபோட்டுத்தான் பேசினார். யாராவது முரண்டு பிடித்தால் அடுத்த முறை சீட்டு கிடையாது, உங்களுக்கென்ன, நீங்கள் தங்கமான மனுஷன் என்றார். அவரிடமும் கண்டக்டர் சரிங்க என்றுதான் சொன்னார். அதையும் மனதார நினைத்தே சொன்னார் என்பதுதான் அவரிடம் உள்ள விசேஷம். எப்படியும் குரல் வாக்கெடுப்புத்தான் நடக்கும், வாய் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

குரல் வாக்கெடுப்பும் நடந்தது. கண்டக்டர் வாயைத் திறந்து மூடினார். மசோதா நிறைவேறியது என்று சபாநாயகர் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, குரல் போதாது, உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிக் கணிக்க வேண்டும் என்றார். தோற்போம் என்று அவருக்கும் தெரியும். சின்ன ஊர் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் எழுந்தார் என்று நாளைய பேப்பரில் வர வேண்டும், அதுதான் அவருடைய கணக்கு. மணி அடித்தார்கள். காவலர்கள் கதவுகளைச் சாத்தினார்கள்.

கண்டக்டர் சாத்திய கதவுகளைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மூளை வேலை செய்தது. ஆதரிப்பவர்கள் எழும்போது உட்கார்ந்திருப்பது, எதிர்ப்பவர்கள் எழும்போதும் உட்கார்ந்திருப்பது. யாரும் கவனிக்காமல் முடிந்துவிடும். இத்தனை வருஷத்தில் எண்ணிக்கை வரை போன தீர்மானங்கள் மிகக் குறைவு. அப்போதெல்லாம் கட்சியோடு சேர்ந்து எழுந்து, சேர்ந்து உட்கார்ந்துவிட்டு அடுத்து எங்கே சாப்பிடுவது என்ற யோசனையில் ஆழ்ந்துவிடுவார். அதற்குப் பிறகு சபாநாயகர் என்ன கேட்பார் என்பது அவர் காதில் ஏறியதே இல்லை. விதிகள் புத்தகத்தை நூலகக் குழுத் தலைவர் படித்ததும் இல்லை.

ஆதரிப்போர் எழுந்தார்கள். கண்டக்டர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். பக்கத்து இருக்கை உறுப்பினர் சட்டையைப் பிடித்து இழுத்தார். செருப்பு வார் ரொம்பவே சிக்கலாக இருந்தது. பிறகு எதிர்ப்போர் எழுந்தார்கள். அப்போது அவருடைய இரண்டு உள்ளங்கையும் மேசைமேல் அழுந்தின, உடம்பு கொஞ்சம் மேலே கிளம்பவும் கிளம்பியது. அக்கா ஒருத்திதான் அந்த நேரம் மனதில் இருந்தாள். எதிரே நின்ற கொறடா அவரைப் பார்த்துச் சும்மா புன்னகை செய்தார். உடம்பு தானாக இருக்கையில் இறங்கிவிட்டது.

முடிந்தது என்று அவர் மூச்சுவிடும்போது சபாநாயகர், நடுநிலை வகிப்போர் எழுந்து நிற்கலாம் என்றார்.

யாரும் எழவில்லை. அவையின் செயலாளர் எண்ணிப் பார்த்தார், திரும்பவும் எண்ணினார், சபாநாயகரிடம் போய்க் காதில் சொன்னார். அவையில் இருப்பவர்களைவிட வாக்கு ஒன்று குறைந்தது. கதவு சாத்தியிருக்கிறது, யாரும் வெளியே போகவில்லை. தலைகள் வரிசை வரிசையாகத் திரும்பின.

“அண்ணே, நீங்கதான்,” என்றார் பக்கத்து இருக்கைக்காரர், பாவமாக.

கண்டக்டர் எழுந்தார். அத்தனை பெரிய மண்டபத்தில் அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

“மாண்புமிகு உறுப்பினர் எந்தப் பக்கம்?” என்று சபாநாயகர் கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொல்லவும் செய்தார், உதடு அசைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பழக்கதோஷம், சத்தம் வரவில்லை. அது என்ன வார்த்தை என்று பிற்காலத்தில் அவரிடமே கேட்டால், ‘இல்லை’ என்றுதான் நினைக்கிறேன் என்பார். நம்புவதும் நம்பாததும் கேட்பவர் பாடு.

“காதில் விழவில்லை. பதிவாக வேண்டும், சொல்லுங்கள்.”

“நடுநிலைங்க,” என்றார் கண்டக்டர். இந்த முறை குரல் நன்றாகவே வந்தது.

அவை சிரித்தது. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது அந்தக் கூட்டத் தொடரிலேயே அன்றைக்குத்தான்.

கட்சி அவரை நீக்கக்கூட இல்லை, கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. ஊரில் அவரைத் திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே வந்தார். யாரும் திட்டவில்லை. டீக்கடையில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவர் உட்கார்ந்ததும் பேச்சை மாற்றினார்கள். சில வாரத்தில் வார்டின் கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள். அக்கா வாசலில் நின்று, கட்டில் கால்கள் இடிபடாமல் தூக்கச் சொல்லி ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் மலைப்பாதைப் பேருந்தில் போய்வந்தாள். தம்பியைப் பார்த்தால் சாப்பிட்டியா, பிரஷர் மாத்திரை போட்டியா என்று வழக்கம்போல் கேட்டாள். சட்டமன்றத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஒருமுறை அவராகவே தொடங்கி, அக்கா அன்னிக்கு என்ன ஆச்சுன்னா என்றார். அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள்.

அடுத்த தேர்தலில் ஊர் ஒப்பந்தக்காரர்களில் ஒருவருக்குக் கட்சிச் சீட்டு கிடைத்தது. கண்டக்டர் சுயேச்சையாக நின்றார். வேண்டாம் என்று மனைவி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அக்காவிடம் சொன்னபோது, உன் இஷ்டம் என்றாள். முட்டி வலி, இந்த முறை நடக்க முடியாது என்றாள். தினமும் பேருந்துப் படிக்கட்டு ஏறி இறங்குகிறவளுக்கு முட்டி வலி. அவர் தனியாகவே தெருத்தெருவாகப் போனார். கதவுகள் திறந்தன, பிள்ளைகள் ஓடிவந்தன. எந்தப் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

கட்டுத்தொகை போயிற்று. அது அவருக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுவிடுவது என்று, முடிவு வந்த மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனார். அவள் மேசைமேல் போர்வையை விரித்து மறுநாளைக்கான யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெயில், மின்சாரம், அண்டை வீட்டு நாய் என்று கொஞ்ச நேரம் ஓடியது.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“கேளு.”

“எனக்கு ஓட்டுப் போட்டியா?”

அவள் காலரை மடித்து ஓரத்தை அழுத்தித் தேய்த்தாள்.

“இல்லடா.”

“அப்ப அவனுக்கா போட்ட?”

“அவனுக்கும் இல்ல. நான் போகவே இல்ல. வீட்லயேதான் இருந்தேன்.”

தோற்றபோது வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. அக்காவின் முன்னால் அழுவது அவருக்குப் புதிதல்ல, ஆனால் அவள் பக்கத்தில் வராமல் நின்றது புதிது.

“எனக்கு எதிராவாவது போட்டிருக்கலாமேக்கா,” என்றார்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தம்பியை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“போட்டிருக்கலாம்தான்,” என்றாள்.

பிறகு யூனிஃபார்மைக் கம்பியில் மாட்டிவிட்டு, அவன் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று தட்டெடுக்க உள்ளே போனாள்.