மணக்காத குளோரின்

எண்பதுகளின் தொடக்கத்தில் வவுனியாவில் ஒரு தண்ணீர்க் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இரசாயனம் தெரியும் என்பதை அப்போது என்னை விட அதிகமாக நம்பியவர் எவரும் இல்லை. ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். யாரும் கேட்பதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுவேன்.

அந்த மாரியில் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு குடியேற்றத்தில் வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கி, வீட்டுக்கு வீடு வயிற்றோட்டம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய சனங்கள். எல்லாருக்கும் ஒரே கிணறு. கந்தோர்ப் பீப்பாவிலிருந்து குளோரின் தூளை ஒரு தகரத்தில் அள்ளி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

கிணற்றின் விட்டத்தை அளந்தேன். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு ஆழம் பார்த்தேன். விட்டத்தில் பாதியான ஆரையை ஆரையால் பெருக்கி, பை என்கிற 3.14 ஆல் பெருக்கி, ஆழத்தாலும் பெருக்கி, லீற்றருக்கு மாற்றினேன். தூளில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்று பீப்பாவில் எழுதியிருந்ததால் வந்த விடையை மூன்றால் பெருக்கினேன். இவ்வளவையும் சத்தமாகச் செய்தேன். சுற்றி நின்றவர்கள் ஐயர் மந்திரம் சொல்வதைக் கேட்பது போல அடக்கமாகக் கேட்டார்கள்.

தூளைக் கரைத்து ஊற்றி முடித்ததும் ஒரு பெண் முன்னால் வந்தார். இடுப்பில் மூன்று வயது மதிக்கத்தக்க மகள். பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருந்தது, அழக்கூடத் தெம்பில்லை.

“காய்ச்ச வேணாங்களா ஐயா?”

“தேவையில்லை அக்கா. அரை மணித்தியாலம் விட்டிட்டுக் குடியுங்கோ. கணக்குப் பிழைக்காது.”

மழையில் விறகெல்லாம் ஊறிக் கிடந்த நேரம். என் வார்த்தையைக் கேட்டுப் பலருடைய முகம் தெளிந்தது.

நாலாம் நாள் போனபோது நல்ல வரவேற்பு. “தண்ணி மணக்கவே இல்லீங்க, அருமையான மருந்து” என்று ஒருவர் பாராட்டினார். நானும் பெருமையோடு தலையாட்டினேன். குளோரின் போட்ட கிணறு மணக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று என்னைப் பரீட்சையில் கேட்டிருந்தால் முழுப் புள்ளியும் எடுத்திருப்பேன். பாராட்டில் கேட்டதால் தெரியவில்லை.

அந்தப் பெண்தான் சொன்னார். “தோட்டத்துல தொட்டிக்கு மருந்து போட்டா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் குடிப்போம். இதுல ஒண்ணுமே இல்லீங்களே. அதான் நான் காய்ச்சியே குடுத்தேன்.”

அவருடைய மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். என்னை நம்பிப் பச்சைத் தண்ணீர் குடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சேற்றுத் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும் என்று அவருக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீரில் சோதனைத் துளிகளை விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. தகரத்தின் அடியில் ஒட்டியிருந்த தூளைக் கரைத்து அதிலும் விட்டேன். அதுவும் மஞ்சளாகவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் அந்தப் பீப்பாவைத் திறந்து, என் வெள்ளைச் சட்டை தோய்க்க ஒரு கரண்டி தூள் எடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான். ஒரு கரண்டியால் பீப்பா குறைந்துவிடாது. ஆனால் ஈரக்காற்று பட்டால் தூள் இருக்கும், குளோரின் போய்விடும். வந்த புதிதில் மூடியைத் திறந்தால் கண் எரியும். பிறகு எரியவில்லை. எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

தூள் ஈரப்பதத்தால் செயலிழந்தது என்று அறிக்கை எழுதினேன். இரசாயனப்படி அதில் ஒரு பொய்யும் இல்லை. ஈரம் எப்படி உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் இருவரும் தேறி வீட்டுக்கு வந்த செய்தி கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுப் பீப்பா வந்ததும் தூளைச் சோதித்துப் பார்த்துவிட்டே கொண்டுபோனேன். இந்த முறை கிணறு மணத்தது. முன்பு பாராட்டியவரே முகத்தைச் சுளித்து, “இதை மனுசன் குடிப்பானா?” என்றார். துளி விட்டேன். நல்ல மஞ்சள்.

“இனிக் காய்ச்சத் தேவையில்லை அக்கா” என்றேன்.

அவர் ஒரு கோப்பையில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு என்னிடம் நீட்டினார். “அப்ப நீங்க மொதல்ல குடிங்க ஐயா.”

வாங்கினேன். விட்டம், ஆழம், பை, மூன்று என்று கணக்கை மனதுக்குள் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகுதான் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாளன்னிக்கு வாங்க. நீங்க நல்லா இருந்தா நாங்களும் குடிக்கிறோம்” என்றார், மிகுந்த மரியாதையோடு.

சொன்ன நாளில் காலையிலேயே போய் அவர் வாசலில் நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயிறு எப்படி என்று கேட்டார். சுகம் என்றேன். அதன் பிறகே உள்ளே போய், அடுப்பில் இருந்த தண்ணீர்ப் பானையை இறக்கி வைத்தார்.