மகள் தேர்ந்தெடுத்த வீடு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுதானே வழக்கம்? என் இளைய மகளோ, வேங்கிக்காலில் மாமியார் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றுவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. திருவண்ணாமலையிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் நின்றேன்.

"ஏண்டி, உன் மாமியா சோத்துல என்ன பொடி போட்டாங்க?"

"அம்மா, அக்காவுக்கு ஆப்ரேஷன் பண்ணப்போ நீ சிரிக்க வெச்சு, தையல் வலியில அவ அழுதா. எனக்கும் ஆப்ரேஷன்தானாம். சிரிக்காம இருக்க இந்த வீடுதான் சரி."

காபியோடு வந்த சம்பந்தியம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. முகம் சுண்டிப்போய், "குடுத்து வெச்சவங்க நீங்க. எங்கிட்ட அவ ஒருநாளும் சிரிச்சதில்லீங்க" என்றாள்.

அவளுக்கும் வயிறு எரிகிறது என்று தெரிந்ததும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. காபியில் சர்க்கரை கம்மிதான். ஆனாலும் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, அவளை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். கடைசியில் அவள்தான் முதலில் சிரித்தாள்.