சாக்ஸைக் கழற்றிப் பார்த்த வீடு

எங்கள் வீடு பிறந்தது, நாங்கள் குடியேறிய குளிர் நாட்டில், டண்டினொங் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலைக்குள். முழுதாகக் கட்டி, லாரியில் கொண்டுவந்து எங்கள் மனையில் தூண்கள்மேல் இறக்கி வைத்துவிடுவார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சுவருக்கும் கூரைக்கும் குளிரைத் தடுக்கும் தடித்த இன்சுலேஷன், வீடு முழுவதற்கும் ராட்சத ஹீட்டர் என்று எல்லாம் முடிவு செய்துவிட்டேன்.

தரையின் அடிப்பக்கத்தை மூடுவதற்கு முந்தைய நாள், ஒரு குளிர்காலக் காலையில், மனைவியைத் தொழிற்சாலைக்கு அழைத்துப்போனேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. நான் ஹீட்டர் புராணம் பாடிக்கொண்டிருந்தபோதே, பாதி கட்டிய ஹாலில் சப்பாத்தையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள்.

“இஞ்ச வந்து நில்லுங்கோ. கால் விறைக்குது.”

“அதுக்குத்தானே இவ்ளோ பெரிய ஹீட்டர்!”

“சூடு மேலயெல்லோ போகும்? பிள்ளை என்ன, சுவரிலயோ தவழப்போறாள்?”

நானும் கழற்றினேன். பனிக்கட்டிமேல் நிற்பது போலிருந்தது. எங்கள் மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். வீட்டுக்குள் ஷூவோடு நடப்பவர்களின் திட்டத்தை, வெறுங்காலோடு வாழும் எங்களுக்கு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்! படித்த கட்டுரைகள் அத்தனையிலும் தோன்றாதது அவளுக்கு ஒரு நொடியில் தோன்றியது. அன்றே தரைக்கு அடியிலும் இன்சுலேஷன் போடச் சொன்னோம். ராட்சத ஹீட்டருக்குப் பதிலாக ஹாலுக்கு சூடான காற்றும் தரும் ஒரு சின்ன ஏசியே போதுமென்றாகிவிட்டது.

இந்தக் குளிர்காலத்தில் மகள் பாயைவிட்டு உருண்டு, வெறுந்தரையில் கன்னம் பதித்துத் தூங்குகிறாள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் ஹீட்டரைக் காட்டுவதில்லை. சாக்ஸையும் கழற்றச் சொல்கிறேன்.