மதராஸ் துறைமுகத்தில் முடங்கிய சைக்கிள்

பயணி தன் உபயோகத்துக்குக் கொண்டுவரும் சைக்கிளைச் சுங்க அதிகாரி தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்பது விதி. இன்று ஏரிச் சாலையில் ஒரு பந்தய சைக்கிள் கிர்ரென்று கடந்தபோது அந்த விதிதான் ஞாபகம் வந்தது.

ஐம்பதுகளில் கொடைக்கானல் பஜாரில் என் தகப்பனார், நாங்கள் கூப்பிடுகிறபடி அத்தா, வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். டென்மார்க்காரர் ஒருவர் நெஞ்சுச்சளிக்கு மலைக்காற்று தேடி வந்திருந்தார். ஐரோப்பாவில் சம்பளத்துக்குச் சாலைப்பந்தயம் ஓட்டியவர். அவருடைய சைக்கிள் மதராஸ் துறைமுகத்தில் முடங்கிவிட்டது. பயிற்சி விட்டுப்போனால் அவரை அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதனால் எங்கள் வண்டியில் தினமும் பூண்டி கிராமத்து மலைப்பாதையில் ஏறினார். எடை குறையட்டும் என்று அத்தா மணி, மட்கார்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார்.

"தொரை, இது பால்காரரு ஓட்டுற வண்டிங்க. இதுல போயி ரேஸ் பழகுறீகளே!"

"கால் மறக்கக் கூடாது, பாய்," என்பார் அவர், இருமலுக்கு நடுவே.

சுங்க இலாகாவுக்கு மனுமேல் மனு போனது. மழைக்காலம் முடிந்ததும், அவர் இடத்தில் வேறொருவனைச் சேர்த்துவிட்டதாகத் தந்தி வந்தது. அன்று அவரே உட்கார்ந்து மணியையும் கேரியரையும் திரும்ப மாட்டி, வண்டியை வரிசையில் நிறுத்தினார். பிறகு எங்கும் நடந்தே போனார்.

சைக்கிளை நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று சுங்க இலாகாவின் பதில் வந்தது, அவர் கப்பலேறிய மறுவருஷம், ரம்ஜான் பெருநாளுக்கு முந்தின நாள்.