பம்பரில் வைத்த செருப்புக் கால்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பழைய வாடகைக் காரின் அலுமினிய பம்பர் கீறலும் கறுப்புமாகக் கிடந்தது. இன்று சேரியில் ஒரு கல்யாணம். பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அதற்காக நேற்று முழுக்க உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டுத் துடைத்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

சின்னமனூர் தாண்டி ஓர் ஊர் முகப்பில் ஒரு பெரிய மனிதர் வழிமறித்தார். சேற்றுச் செருப்போடு பம்பரில் கால் வைத்துக்கொண்டு, "ஏலே, இவளுக்கெல்லாம் காரு கேக்குதா? எறங்கி நடக்கச் சொல்லு" என்றார்.

கூட உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா கதவைத் திறக்கப் போனார். "எறங்கிரு ஆத்தா, வம்பு வேணாம்."

"நான் எறங்க மாட்டேன்ப்பா. அண்ணே, நீங்க வண்டிய எடுங்க" என்றாள் அவள்.

ஹாரனை அடித்துக்கொண்டே மெல்ல நகர்த்தினேன். பெரிய மனிதர் காலை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். அவள் மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் இறங்கினாள்.

அவர் செருப்பு இழுத்துப் பம்பரில் விழுந்த கீறலை நாளைக்குத் தேய்த்துக்கொள்வேன். எல்லாரும் போக ஜில்லா போர்டு போட்ட ரோட்டை அவர் எப்போது விலைக்கு வாங்கினார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.