துணிக்குள் இருமிய அம்மா

வாயில் துணியை வைத்து இருமினால் சத்தம் வராது என்றுதான் நினைக்கிறோம். வரும்; நெஞ்சுக்குள்ளேயே எதையோ இடித்துக்கொள்வது மாதிரி அமுங்கி வரும். என் பத்தாவது வயதில் கார்த்திகை தொடங்கி மாசி வரை அதைத்தான் கேட்டேன்.

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் அந்த மாதங்களுக்கு "சீசன்" என்று பெயர். பக்கத்து ஆசிரமத்துக்குத் தியானம் செய்ய வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டை விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் நாங்கள் பின்பக்கம் தகரச் சீட்டு போட்ட "கொட்டாய்"க்குக் குடிபோவோம். வருஷமெல்லாம் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு வருவதைவிட நாலு மாத வாடகை ஜாஸ்தி என்பார் அப்பா. இன்று கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் என்னாலும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

அந்த வருஷம் வந்த அம்மையார் மௌன விரதம். நானும் தம்பியும் வைத்த பெயர் "மௌனம்மா". சத்தம் கேட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவாரோ என்று அப்பாவுக்கு ஒரே பயம். குக்கர் விசில் அடிக்கும் என்று பானையில் வடித்தோம், டிவியை மூடிவைத்தோம், நானும் தம்பியும் சைகையிலேயே சண்டை போட்டோம். அம்மாவின் இருமல்தான் அடங்கவில்லை. கொட்டாய்க்குள் பனி இறங்க இறங்க அது கூடிக்கொண்டே போனது, அவளும் புடவைக் கிழிசலை மடித்து வாயில் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்பா ஒருதரம் கூப்பிட்டபோது, "சீசன் முடியட்டுங்க, அந்தம்மாவுக்கு யார் சோறாக்கிப் போடறது?" என்றாள். அவரும் விட்டுவிட்டார். வாடகைக் காசில் வீட்டுக்கு மாடி எழும்பிவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று இரண்டு பேருமே நம்பினார்கள், பாவம்.

மாசியில் விரதம் முடிந்ததும் மௌனம்மா முதல் வார்த்தை பேச எங்கள் கொட்டாய்க்குத்தான் வந்தார். சந்தோஷம் என்றால் என்னவென்று உங்கள் அமைதியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று அரைகுறைத் தமிழில் ஆரம்பித்தவர், பாயில் கிடந்த அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தவரும் அவர்தான். ஆஸ்பத்திரியில் முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவர் அழுதுகொண்டே கேட்டபோது அப்பா தலையைத் தூக்கவில்லை.

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னுதாம்மா" என்றார்.

பங்குனியில் அம்மா போய்விட்டாள்.

ஒன்றைப் பெறுவதற்காக எதை விட்டோமோ அதுதான் அதன் உண்மையான விலை என்று பாடம் நடத்தும்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மகிழ்ச்சி வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறது என்று எங்கள் தெருவுக்கு வருகிற தத்துவக்காரர்கள் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் உள்ளே மூச்சு இருக்க வேண்டுமே! இந்த இரண்டையும் கொட்டாயில் இருந்த எங்களுக்கு யாராவது சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னும் கோபம் வருகிறது.

இப்போது அந்த வீட்டுக்கு இரண்டு மாடி. கொட்டாய் இருந்த இடத்தில் கஃபே நடக்கிறது. அப்பா டவுனில் என்னோடு இருக்கிறார். பனிக்காலத்தில் அவருக்கும் இருமல் வருகிறது, வந்ததுமே தோள் துண்டு வாய்க்குப் போய்விடுகிறது.

"இங்க யாரும் மௌனம் இல்ல, நல்லா இருமுப்பா" என்கிறேன்.

அவர் துண்டை எடுப்பதில்லை.